கேரேஜில் வேறு யார் இருந்தார்கள்?

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நடத்தும் படிப்பு வட்டத்துக்கு வருகிற தம்பி ஒருவன், பி.காம். இரண்டாம் ஆண்டு, போன வாரம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஸ்டீவ் ஜாப்ஸ் படத்தை வைத்திருந்தான். ஏன்டா இவர் என்று கேட்டேன். "அக்கா, தத்துப்பிள்ளையா வளர்ந்தவரு. காலேஜ் முடிக்கல. வளர்த்த அப்பா மெக்கானிக் வேலை பார்த்தவரு. வீட்டு கேரேஜ்ல ஆரம்பிச்சு உலகத்தையே மாத்திட்டாரு. நம்ம பசங்களுக்கு இதைவிட என்னக்கா உதாரணம் வேணும்?" என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

அவன் சொன்ன தகவல் எதுவும் பொய்யில்லை. ஆனால் அந்தக் கதையிலிருந்து சிலரை வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் அவன் கையில் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சிலர் யார் என்று அன்றைக்கு அரை மணி நேரம் பேசியும் முடிக்க முடியவில்லை. அதனால் இந்தப் பதிவு.

ஆப்பிள் தொடங்கியது 1976 ஏப்ரல் 1. கையெழுத்துப் போட்டவர்கள் மூன்று பேர்: ஸ்டீவ் ஜாப்ஸ், ஸ்டீவ் வாஸ்னியாக், ரொனால்ட் வெய்ன். வெய்ன் சில நாட்களிலேயே விலகிக்கொண்டார். முதல் பெரிய ஆர்டர் ஒரு கடையிலிருந்து வந்தது. 50 சர்க்யூட் போர்டுகள், ஒன்றுக்கு 500 டாலர், முப்பது நாள் கெடு. போர்டை வடிவமைத்தவர் வாஸ்னியாக். ஐம்பது போர்டில் சிப்புகளைச் சொருகி, ஈயம் வைத்து, சோதித்து அனுப்புவது யார்?

லாஸ் ஆல்டோஸில் இருந்த ஜாப்ஸின் வீடே பட்டறை ஆனது. கேரேஜ் மட்டுமில்லை, அடுக்களை மேசையும் ஒரு படுக்கையறையும்கூட. கிடைத்த கையெல்லாம் வேலைக்கு வந்தது. ஜாப்ஸின் நண்பர் டேனியல் கோட்கே வந்தார். கோட்கேயின் முன்னாள் தோழி ஒருவர் வந்தார். நகை வேலை கற்றவர் என்பதால் அவரிடம் ஈயம் வைக்கும் வேலையைக் கொடுத்தார்கள். ஜாப்ஸின் தங்கை பேட்டியும் வந்தார். அப்போது அவர் கர்ப்பிணி. ஜாப்ஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய வால்டர் ஐசக்சன் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார். ரகசியம் ஒன்றும் இல்லை, நம் ஸ்டேட்டஸ்களுக்கு மட்டும் வந்து சேரவில்லை. அந்தக் கேரேஜ் கதையே பெரும்பாலும் கட்டுக்கதைதான் என்று பின்னாளில் வாஸ்னியாக்கே பேட்டி கொடுத்தார்.

உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றின் முதல் அசெம்பிளி லைனில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தார். இதை ஓரமாக முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீபெரும்புதூருக்கு வரும்போது அவிழ்க்கிறேன்.

நான்கு வருடம் கழித்து, 1980 டிசம்பர் 12 அன்று, ஆப்பிள் பங்குச் சந்தைக்கு வந்தது. ஒரே நாளில் சுமார் 300 பேர் மில்லியன் டாலர் சொத்துக்காரர்கள் ஆனார்கள். அந்த முந்நூறு பேரில் கோட்கே இல்லை. மணிக்கூலிக் கணக்கில் இருந்ததால் பங்கு கிடையாது என்று சொன்னார்கள். ஜாப்ஸோடு கல்லூரியில் படித்தவர், இந்தியாவுக்குக் கூடவே வந்தவர், அடுக்களை மேசையில் உட்கார்ந்து வேலை செய்தவர். அவருக்காக வேறொரு என்ஜினியர் பரிந்து பேசியும் ஜாப்ஸ் இரங்கவில்லை. வாஸ்னியாக்தான் தன் பங்கிலிருந்து எடுத்து ஆரம்பத்தில் உழைத்த சிலருக்குக் கொடுத்தார். அந்தக் கம்பெனியின் பிறப்பிலேயே இரண்டு வழி இருந்தது. வாஸ்னியாக்கின் வழி ஒன்று, ஜாப்ஸின் வழி ஒன்று. கம்பெனி எந்த வழியில் போனது என்று உங்களுக்கே தெரியும். போஸ்டரில் இருப்பது யார் முகம்?

போஸ்டர் என்றதும் 1997 நினைவுக்கு வருகிறது. கம்பெனி முழுகிவிடும் என்ற நிலையில் ஜாப்ஸ் திரும்பி வந்து "திங்க் டிஃபரன்ட்" விளம்பரத்தை வெளியிட்ட வருடம். அதற்கு முன்பே 1984இல், சாம்பல் நிற அடிமைக் கூட்டத்தின் நடுவே ஓடிவந்து சர்வாதிகாரியின் திரையைச் சுத்தியலால் உடைக்கும் பெண்ணைக் காட்டித்தான் மெக்கின்டாஷ் கணினியை விற்றார்கள். ஆப்பிளின் பண்பாடு என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும்: கலகத்தை விளம்பரமாக்கத் தெரிந்த கம்பெனி அது. 1997 விளம்பரங்களில் மார்ட்டின் லூதர் கிங் இருந்தார். முகமது அலி இருந்தார். பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் இருந்தார். கலிபோர்னியாவின் விவசாயக் கூலிகளுக்குச் சங்கம் கட்டிய சீசர் சாவேஸ் இருந்தார். இந்தியாவிலிருந்து காந்தி இருந்தார்.

அம்பேத்கர் இல்லை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், 1927இல் மகாடில் மனுஸ்மிருதிக்குத் தீ வைத்தவர், ஒரு நாட்டின் அரசமைப்புச் சட்டத்துக்கு வரைவு எழுதியவர். வித்தியாசமாகச் சிந்திப்பது என்றால் வேறென்ன? "அமெரிக்க விளம்பரக் கம்பெனிக்கு அவரை எங்கே தெரியும், இதற்கெல்லாமா கோபப்படுவது" என்று நீங்கள் கேட்கலாம். எனக்குக் கோபம் படம் இல்லை என்பதில் இல்லை. எந்த இந்தியா அவர்கள் கண்ணில் பட்டது என்பதில்தான்.

1974இல் ஜாப்ஸ் இந்தியா வந்தார். நைனிதால் பக்கம் நீம் கரோலி பாபாவைத் தேடிப் போனார். அதற்குள் பாபா இறந்திருந்தார். மொட்டை அடித்துக்கொண்டு சில மாதங்கள் சுற்றிவிட்டுத் திரும்பினார். இந்தியக் கிராமத்து மக்கள் நம்மைப்போல அறிவைக்கொண்டு அல்ல, உள்ளுணர்வைக்கொண்டு வாழ்கிறார்கள், அதுதான் தன்னைப் பாதித்தது என்று கடைசிக் காலம்வரை சொன்னார். எந்தக் கிராமத்தை? ஊர்த் தெரு எங்கே முடிகிறது, சேரி எங்கே தொடங்குகிறது என்று யாராவது அவருக்குக் காட்டினார்களா? 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து நின்று, கிராமத்தை நாட்டின் ஆன்மா என்று கொண்டாடியவர்களின் முகத்துக்கு நேராகக் கிராமத்தின் யோக்கியதையைச் சொன்னவர் அம்பேத்கர். அவர் பேசியது அறிவின் மொழி. நம்மை உள்ளுணர்வு மனிதர்களாக்கி ரசிப்பவர்களுக்கு அறிவு பேசும் தலித் தேவைப்படுவதில்லை. சுவரில் மாட்டுவதற்கு ஆசிரமம் போதும்.

சாவேஸையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அவர் முகத்தைப் போட்டுக் கணினி விற்ற கம்பெனியின் சொந்தக் கடையில் அமெரிக்காவில் முதன்முதலாகச் சங்கம் வந்தது 2022 ஜூனில், மேரிலாந்து மாநிலத்தின் டவ்ஸன் நகரில். படம் மாட்டி இருபத்தைந்து வருடம் கழித்து. ஊழியர்கள் ஓட்டுப் போட்டு வென்ற பிறகும் ஒப்பந்தத்துக்கு இன்னும் இரண்டு வருடம் இழுத்தது. செத்த போராளிக்கு மாலை போடுவதும் உயிரோடு இருப்பவன் மேல் வழக்குப் போடுவதும் நம்மூர்க் கட்சிகளிடம் நாம் பார்த்துப் பழகியதுதானே?

இனி இந்தக் கம்பெனி நிஜமாகவே எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வருவோம். 1984இல் மெக்கின்டாஷுக்காக கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஆப்பிள் சொந்தமாக ஆலை கட்டியது. வெள்ளைச் சுவர், பளபளக்கும் இயந்திரங்கள். ஜாப்ஸ் அதைக் கோயில்போலச் சுற்றிக் காட்டினார். 1992இல் அது மூடப்பட்டது. 1998இல் டிம் குக் வந்தார். சொந்த ஆலைகளையும் கிடங்குகளையும் ஒவ்வொன்றாகக் கழித்துக் கட்டி, செய்யும் வேலையில் பெரும்பகுதியை வெளியே கொடுத்துவிட்டார். ஜாப்ஸ் மேடையில் போனைத் தூக்கிக் காட்டிய காலத்தில் அந்தப் போன் வரும் வழியைக் கட்டியவர் இவர். அதனால்தான் 2011இல் ஜாப்ஸுக்குப் பிறகு நாற்காலி இவருக்கு வந்தது.

ஐபோனின் முதுகில் நீண்ட காலம் ஒரு வரி இருந்தது: கலிபோர்னியாவில் ஆப்பிளால் வடிவமைக்கப்பட்டது, சீனாவில் பூட்டப்பட்டது. முதல் பாதியில் செய்தவருக்குப் பெயர் உண்டு. இரண்டாவது பாதியில் ஊர்ப் பெயர் மட்டும்தான், ஆள் கிடையாது. வடிவமைத்த ஜானி ஐவ் வீடியோவில் வந்து அலுமினியத்தைப் பற்றிக் கவிதைபோலப் பேசுவார். அந்த அலுமினியத்தைத் தேய்த்த கையை எந்த வீடியோவிலும் பார்த்திருக்கிறீர்களா? 2010இல் அந்தக் கைகளை உலகம் வேறு விதமாகப் பார்த்தது. சீனாவின் பாக்ஸ்கான் ஆலைகளில் அந்த ஒரு வருடத்தில் மட்டும் 14 இளம் தொழிலாளர்கள் தற்கொலை செய்து இறந்தார்கள். கட்டடங்களைச் சுற்றி வலை கட்டினார்கள். பாக்ஸ்கான் ஆப்பிளுக்கு மட்டும் வேலை செய்யவில்லை, உண்மைதான். ஆனால் முதலில் கேள்வி கேட்கப்பட்டது ஆப்பிளிடம். ஏனென்றால் கலகக்காரன் வேஷம் போட்டது அதுதான்.

இந்த இடத்தில் நம் தோழர்கள் பலர் சட்டென்று ஒரு முடிவுக்குத் தாவுவார்கள். தலை கலிபோர்னியாவில், கை ஷென்ஜெனில், இது உலகளாவிய வர்ணாசிரமம் என்பார்கள். எம்.ஏ. சமூகவியல் படிக்கிறபோது நானும் அப்படி ஒரு கட்டுரை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். இப்போது எழுதமாட்டேன். சாதியை உவமையாக்கினால் எல்லாமே சாதி ஆகிவிடும், கடைசியில் சாதி காணாமல் போகும். ஷென்ஜென் தொழிலாளி சுரண்டப்படுகிறான். ஆனால் அவன் தொட்ட தண்ணீரை யாரும் கொட்டுவதில்லை. அம்பேத்கர் கற்றுக்கொடுத்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்வோம். வேலையைப் பிரிப்பது எல்லாச் சமூகத்திலும் உண்டு. வேலை செய்கிற மனிதர்களையே பிறப்பை வைத்து மேல் கீழாக அடுக்கிப் பூட்டி வைப்பது நம் நாட்டின் கண்டுபிடிப்பு. எனக்குக் கவலை ஆப்பிள் சாதியைக் கண்டுபிடித்தது என்பதல்ல. யார் செய்தார்கள் என்று கேட்காமலே பொருளைக் கொண்டாடப் பழக்கிய ஒரு பண்பாடு, ஏற்கெனவே சாதி இருக்கிற இரண்டு இடங்களுக்குள் போனது. ஒன்று, இந்திய என்ஜினியர்கள் நிறைந்த கலிபோர்னியா அலுவலகம். இன்னொன்று, நம் ஊர் ஹாஸ்டல்.

கலிபோர்னியாவை முதலில் பார்ப்போம். 2020 ஜூன் கடைசியில் அந்த மாநில அரசின் துறை ஒன்று சிஸ்கோ கம்பெனி மேல் வழக்குப் போட்டது. ஒரு தலித் என்ஜினியரை அவருடைய ஆதிக்க சாதி மேலதிகாரிகள் சாதி பார்த்து ஒதுக்கினார்கள், இடஒதுக்கீட்டில் ஐஐடிக்கு வந்தவர் என்று உடன் வேலை செய்பவர்களிடம் சொன்னார்கள் என்பது குற்றச்சாட்டு. 2023இல் அந்த இரண்டு அதிகாரிகள் மேலிருந்த வழக்கை அரசே திரும்பப் பெற்றது. கம்பெனி மேலான வழக்கைக் கைவிடவில்லை. தீர்ப்பு என்ன என்பதைவிட, வழக்கு என்ற செய்தி வந்த உடனே என்ன நடந்தது என்பது முக்கியம். சில வாரங்களிலேயே 200க்கும் மேற்பட்ட டெக் ஊழியர்கள் தங்களுக்கு நடந்ததைச் சொல்லி ஈக்வாலிட்டி லேப்ஸ் அமைப்பைத் தொடர்பு கொண்டார்கள். அந்த அக்டோபரில் கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், சிஸ்கோ போன்ற கம்பெனிகளில் வேலை செய்யும் 30 தலித் பெண் என்ஜினியர்கள் கூட்டாக ஓர் அறிக்கை வெளியிட்டார்கள்.

அந்த அறிக்கையில் ஒரு பெயர்கூட இல்லை. முப்பது பேரும் பெயரை மறைத்துத்தான் பேசினார்கள். படித்தாயிற்று, கடல் தாண்டியாயிற்று, லட்சக்கணக்கில் டாலர் சம்பளம் வாங்கியாயிற்று. பெயரைச் சொல்ல முடியவில்லை. தோளில் கை போடுவதுபோல முதுகைத் தடவிப் பூணூல் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம் அங்கே. "நீ சைவமா? சொந்த ஊர் எது? அப்பா என்ன செய்கிறார்?" ஆயிரம் மைல் கடந்தாலும் கேள்வித்தாள் மாறவில்லை. 'மெரிட்' என்று நெஞ்சு நிமிர்த்துகிற அதே கூட்டம்தான் கேட்கிறது. மெரிட்டில் வந்தவனுக்கு அடுத்தவன் சட்டைக்குள் என்ன வேலை?

அந்த வழக்குக்குப் பிறகு 2020 வாக்கில் ஆப்பிள் தன் ஊழியர்களுக்கான நடத்தை விதியில் இனம், மதம், பாலினம் என்ற பட்டியலோடு சாதியையும் சேர்த்தது. பெரிய டெக் கம்பெனிகளில் அப்படிச் சேர்த்த முதல் கம்பெனி அது. இதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்த ஒரு சொல் பட்டியலில் இருப்பதற்கும் இல்லாததற்கும் எவ்வளவு தூரம் என்பது புகார் எழுத உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். அதே காலத்தில் கூகுளில், 2022 ஏப்ரலில், தேன்மொழி சௌந்தரராஜன் சாதியைப் பற்றிப் பேச இருந்த கூட்டத்தையே சில ஊழியர்களின் எதிர்ப்புக்குப் பயந்து ரத்து செய்தார்கள். அந்த ஒப்பீட்டில் ஆப்பிள் எவ்வளவோ மேல்.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? புது நிறத்தில் போன் வந்தால்கூட அரங்கம் பிடித்து, நேரலை வைத்து அறிவிக்கிற கம்பெனி, சாதிக்கு எதிரான விதியைச் சத்தமில்லாமல் சேர்த்துவிட்டு இருந்துவிட்டது. வெளியுலகத்துக்குத் தெரிந்ததே 2022 ஆகஸ்டில் ராய்ட்டர்ஸ் எழுதிய பிறகுதான். எதற்கு மேடை, எதற்கு அடிக்குறிப்பு என்பதில்தான் ஒரு கம்பெனியின் பண்பாடு தெரிகிறது. அதற்குப் பிறகு சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அதே வருடம் அக்டோபரில் ஆளுநர் நியூசம் கையெழுத்துப் போடாமல் திருப்பினார், ஏற்கெனவே உள்ள சட்டமே போதும் என்று. போதும் என்றால் அந்த முப்பது பெண்கள் ஏன் பெயரை மறைத்தார்கள்?

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டப்படுகிறது. 2021 டிசம்பர் நடுவில், அந்த ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு ஹாஸ்டலில் சாப்பாடு நஞ்சாகி 250க்கும் மேற்பட்டவர்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் எங்கே என்று கேட்டதற்குச் சரியான பதில் கிடைக்காததால், பதினெட்டு இருபது வயதுப் பெண்கள் ராத்திரியோடு ராத்திரியாகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்தது, கைது செய்தது. பிறகு தெரியவந்தவை: ஓர் அறையில் ஆறு பேர் முதல் முப்பது பேர் வரை, தரையில் படுக்கை, சில இடங்களில் தண்ணீர் வராத கழிப்பறை. ஹாஸ்டலும் சாப்பாட்டுக் கூடமும் தரத்தில் இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்று ஆலை மறுபடி திறந்தது. அன்றைக்கு அந்தப் பெண்களின் மாதச் சம்பளம் சுமார் 10,500 ரூபாய். 2021இல் வந்த ஐபோன் 13இன் ஆரம்ப விலை 79,900.

சாலையில் உட்கார்ந்தார்களே, அந்தப் பெண்களை ஆப்பிள் எந்தப் போஸ்டரில் போடும்? 1984இல் சுத்தியலோடு ஓடிவந்த பெண்ணைவிட அவர்களுக்குத் துணிச்சல் அதிகம். அவள் நடிகை. இவர்கள் மறுநாள் ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள்.

2023இல் இன்னொன்று நடந்தது. கர்நாடகம் பிப்ரவரியில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்குச் சட்டத்தைத் திருத்தியது. ஆப்பிளும் பாக்ஸ்கானும் கேட்டுக்கொண்டதால்தான் என்று செய்தி வந்தது. ஏப்ரல் 21 அன்று அதேபோன்ற மசோதா நம் சட்டமன்றத்திலும் நிறைவேறியது. சமூக நீதி பேசுகிற ஆட்சியில்தான். கூட்டணிக் கட்சிகளும் சங்கங்களும் எதிர்த்ததால் மே தினத்தன்று திரும்பப் பெற்றுவிட்டதாக அறிவித்தார்கள். எட்டு மணி நேர வேலையை 1942க்குப் பிறகு வைஸ்ராய் சபையின் தொழிலாளர் உறுப்பினராக இருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப் போராடியவர் யார் என்று அந்த மசோதாவுக்குக் கை தூக்கியவர்களிடம் கேட்க வேண்டும்.

முடிச்சை அவிழ்க்கும் இடம் வந்துவிட்டது. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஓர் விசாரணைச் செய்தி வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் லைனில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் திருப்பி அனுப்புகிறார்கள் என்று. ஏஜென்ட்டுகள் சொன்ன காரணங்கள்: வீட்டுப் பொறுப்பு அதிகம், கர்ப்பம் ஆவார்கள், லீவு போடுவார்கள். தாலி, மெட்டி போட்டிருப்பார்கள், அது உற்பத்திக்கு இடைஞ்சல். மத்திய அரசு அறிக்கை கேட்டது. புதிதாக எடுத்தவர்களில் கால்வாசிப் பேர் கல்யாணமானவர்கள்தான் என்று பாக்ஸ்கான் பதில் சொன்னது. ஆள் எடுப்பதில் 2022இல் தவறுகள் நடந்ததையும் உடனே நடவடிக்கை எடுத்ததையும் இரண்டு கம்பெனிகளுமே சொன்னார்கள். ஆனால் ராய்ட்டர்ஸ் எழுதியது அதற்குப் பிந்தைய காலத்தைப் பற்றியும்தான்.

லாஸ் ஆல்டோஸ் அடுக்களை மேசையில் கர்ப்பிணியின் கை இனித்தது. நகை வேலை தெரிந்த கை இனித்தது. ஐம்பது போர்டை முடிக்க வேண்டிய அவசரத்தில் அது யார் கை என்று யாரும் பார்க்கவில்லை. சுமார் ஐம்பது வருடம் ஆகிறது. இங்கே மெட்டி போட்ட காலைப் பார்த்ததும் கேட்டை மூடினார்கள்.

நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். கல்யாணத்தை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்பது ஆப்பிள் தன் சப்ளையர்களுக்கு எழுதி வைத்த விதியில் ஏற்கெனவே இருந்தது. எழுத்தில் இருந்தும் ஏஜென்ட் வாயில் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை. அப்படியானால் கலிபோர்னியாக் கையேட்டில் ஏறிய 'சாதி' என்ற சொல் மட்டும் இங்கே ஹாஸ்டல் வரைக்கும் தானாக நடந்து வந்துவிடுமா? ஆப்பிளுக்கும் லைனில் நிற்கும் பெண்ணுக்கும் நடுவில் பூட்டித் தரும் கம்பெனி, அதற்குக் கீழே ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர், அவருக்குக் கீழே ஊர் ஊராகப் போகும் ஏஜென்ட், ஹாஸ்டல் எடுத்து நடத்துபவர் என்று எத்தனை படி. ஒவ்வொரு படியிலும் பொறுப்பு கொஞ்சம் ஒழுகிவிடும். சாதி மட்டும் ஒழுகாது.

என் வேலையில் ஹாஸ்டல் பெண்களோடு பேசும் சந்தர்ப்பம் நிறைய வரும். திண்டிவனம் பக்கத்துப் பெண் ஒருத்தி, ஏதோ ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் (பெயர் வேண்டாம்) சேர்ந்த முதல் வாரத்தில் லைன் சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே கேட்டாராம்: "எந்த ஊரும்மா?" சொன்னாள். "அங்கே ஊருக்குள்ளயா, காலனியா?" அவள் பொய் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை என்றாள். லைன் லீடர் இடம் வந்தபோது அவள் பெயரை யாரும் சொல்லவில்லை. அறையில் இரண்டு பேர் தட்டைத் தனியாகக் கழுவ ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான். "கம்ப்ளெயின்ட் பண்ணினா என்னக்கா எழுதறது? ஊர் பேரைக் கேட்டாங்கன்னா?" சான் ஹோசேயில் முதுகைத் தடவுவது. இங்கே காலனியா என்று கேட்பது. அங்கே சம்பளம் டாலரில் வருகிறது, அது ஒன்றுதான் மாற்றம்.

"அக்கா, அதுக்காக வேலையே வேண்டாம்னு சொல்லுவீங்களா?" என்று கேட்டாள் படிப்பு வட்டத்தில் ஒரு தங்கை. சொல்லமாட்டேன். பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் மண் இது. இங்கே கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர், நிலமில்லாமல் பண்ணையாள்களாகக் கிடந்த நம் மக்களின் நிலைமையை 1890களின் தொடக்கத்தில் அறிக்கையாக எழுதினார். பஞ்சமி நிலம் அதிலிருந்து வந்தது. அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டதற்காக 1994 அக்டோபரில் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நிலமில்லாத வீட்டுப் பெண் தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்திருப்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. நான் சொன்ன அந்தத் திண்டிவனத்துப் பெண், வீட்டுக்குக் கழிப்பறை கட்டியதும் தம்பியை டிப்ளமோ சேர்த்ததும் அந்தச் சம்பளத்தில்தான். ஆண்டை வீட்டு வாசலில் நிற்காமல் வாங்கிய காசு. அதனால்தான் கல்யாணம் ஆனால் கேட் மூடும் என்ற வழக்கம் அவ்வளவு கொடூரம். அந்த வேலை தருகிற விடுதலைக்கே மருந்து மாத்திரைபோலக் காலாவதித் தேதி போட்டுவிடுகிறார்கள். இருபத்து மூன்று வயதில் எங்கிருந்து தப்பித்து வந்தாளோ அங்கேயே திரும்பிப் போ என்கிறார்கள்.

ஆகவே வேலையை விடச் சொல்ல வேண்டாம், ஐபோனை உடைக்கவும் வேண்டாம். (இதில் பாதியை நானே ஒரு பழைய ஐபோனில்தான் தட்டினேன், தோழி கொடுத்தது.) கணக்குக் கேட்போம். அமெரிக்காவில் எத்தனை வெள்ளையர், எத்தனை கறுப்பர், எத்தனை பெண்கள் என்று 2014 முதல் எண்ணி வெளியிடத் தெரிந்த கம்பெனி அது. இந்தியாவில் தன் அலுவலகங்களிலும் தனக்குப் பூட்டித் தருகிற ஆலைகளிலும் லைனில் எத்தனை எஸ்.சி., எஸ்.டி., சூப்பர்வைசரில் எத்தனை, மனிதவளத்தில் எத்தனை, வடிவமைப்பில் எத்தனை என்று எண்ணி வெளியிடட்டும். சாதியைச் சொல்ல விரும்பாதவர் சொல்ல வேண்டியதில்லை, பெயரும் தேவையில்லை. ஹாஸ்டலில் "காலனியா" என்று கேட்டால் அது குற்றம் என்று தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டட்டும், புகாரை வாங்குகிற இடத்தில் கான்ட்ராக்டரின் ஆள் உட்காராமல் இருக்கட்டும். தொழிற்பேட்டைகளில் வேலை செய்கிற தொழிற்சங்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை: கூலி உயர்வுக் கோரிக்கைப் பட்டியலில் இந்த ஒரு வரியைச் சேர்த்தால் ஒற்றுமை உடைந்துவிடும் என்று இன்னும் எத்தனை நாள் சொல்வீர்கள்?

அடுத்த ஞாயிறு அந்த முப்பது பெண்களின் அறிக்கையைத் தமிழில் வாசிக்கிறோம். முதல் பக்கத்தை மொழிபெயர்க்கிறேன் என்று ஸ்டேட்டஸ் தம்பிதான் வாங்கிப் போயிருக்கிறான். நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ்: "அக்கா, இவங்க பேரு ஏன் போடல?"